உனக்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் ஆகாது. எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எதிரில் ஆள் நின்றாலும், காதில் குரல் கேட்டாலும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஷூ கம்பெனிக்குப் போனபோது இருந்த அதே கூச்சம் ஐம்பத்தெட்டு வயதிலும் என்னோடு இருக்கிறது. தாளில் எழுதும்போது மட்டும் யாரும் குறுக்கே வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

நீ கேட்டது இதுதான். "மா, நீ ஒரு வார்த்த சொன்னா ரேவதி கேப்பா. ஒரே ஒரு லெட்டரு. இந்தத் தடவ புரமோஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா போதும். யாழினி அஞ்சாவது படிக்கிறா, அம்மா இல்லாம ஏங்கிடுவா. நீ எனக்காக சூப்பர்வைசர் வேலைய விடலியா? அந்த மாதிரிதான்." கடைசியில் சொன்னாயே அந்த ஒரு வரி, அதற்குத்தான் இவ்வளவு நீளமான கடிதம். அதற்கு வருகிறேன். முதலில் உன் மனைவிக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று உனக்கே ஒரு முறை எழுதிக்காட்ட வேண்டும்போல் இருக்கிறது. பரிட்சை எழுதித் தேறி, ஊர் ஊராகப் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, இப்போது கோட்டாட்சியராக இருக்கிற ரேவதியை மாவட்ட வருவாய் அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். தெற்கே ஒரு கடலோர மாவட்டம். அங்கே கலெக்டருக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. நம் குடும்பத்தில் தோல் ஊறப்போட்டவர்கள் உண்டு, தோலைத் தைத்தவர்கள் உண்டு. கலெக்டர் ஆபீசுக்குள் மனு கொடுக்கப் போய் வாசலிலேயே திரும்பியவர்களும் உண்டு. உள்ளே நாற்காலியில் உட்காரப் போகிறவள் இவள் ஒருத்திதான்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற வழக்கம் அரசு வேலையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை போகாது, சம்பளம் போகாது. பின்னால் வந்தவர்கள் முன்னால் போவார்கள், அவ்வளவுதான். ரேவதியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஆம்பளைங்களும் குடுப்பாங்க அத்தை, ஊரு தூரம், ரிடயர்மெண்ட் கிட்டனு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. பொம்பளைங்க லெட்டர்ல மட்டும் எல்லார்துலயும் ஒரே வரி இருக்கும். குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்றாள். அந்த வரியைக் கேட்டதிலிருந்து எனக்கு உள்ளே எரிகிறது. குடும்பச் சூழ்நிலை என்பது மழையா, புயலா? அது நீதான். நானும்தான். நம்முடைய பெயரைப் போடாமல் நம்மைக் காப்பாற்றுவதற்காக எழுதப்படுகிற வரி அது.

இனி என் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதையில் பாதி பொய்.

எனக்குப் பதினாறு வயது. ஆம்பூருக்கு வெளியே ஒரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இருந்தேன். அந்த மேல்பாகத்தை அப்பர் என்போம். நாற்பது பெண்கள், இரண்டு வரிசை மிஷின், தலைக்கு மேல் டியூப் லைட், தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. எங்களுக்கு ஒரு ஆம்பளை சூப்பர்வைசர் இருந்தார். நன்றாகக் கத்துவார், ஆனால் அவருக்குத் தைக்கத் தெரியாது. அது எங்களுக்கு வசதி. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை இறங்கியதுதான். அப்படிக் கெட்டுப்போனதில் மெழுகைத் தேய்த்து, கலர் தொட்டு, கட்டின் நடுவில் சொருகி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவோம். அவர் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் பார்ப்பார், ஓகே சொல்லிவிடுவார். அவர் வேறு கம்பெனிக்குப் போனதும், எங்கள் லைனிலேயே பல வருஷம் தைத்த ஸ்டெல்லா அக்காவை சூப்பர்வைசராகப் போட்டார்கள். எங்கள் கம்பெனியில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். வந்த முதல் நாளே கட்டைப் பிரித்து நடுவிலிருந்து உருவினார்.

"இன்னாக்கா இது, அம்பது ஜோடி போவும்போது ஒண்ணு ரெண்டு இப்டிதான் இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. நானே எத்தினி தள்ளிக்கிறேன். அதான் சொல்றேன், எங்கிட்ட வேணாம்."

அவர் கத்தவில்லை. கெட்டவார்த்தை சொல்லவில்லை. பாத்ரூம் போகக் கேட்டால் உடனே விட்டார், அதற்கு முன்னால் இருந்தவர் மணியைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். ஆனாலும் எங்களுக்கு ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தால் வட்டம் சுருங்கிக்கொள்ளும். "நேத்து வரிக்கும் எங்கூட குந்தி சாப்ட்டவ, இன்னிக்கி கைய கட்டிகினு நின்னு நோட்டம் பாக்றா" என்றார்கள். "ஆம்பள கத்னா கூட ஒறைக்கல, இவ மெதுவா சொன்னாலே பத்திகினு வருது" என்றார்கள். ஒரு மாதம் கழித்து, பெண் சூப்பர்வைசர் வேண்டாம், பழையபடி ஆம்பளையே வேண்டும் என்று மேனேஜருக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. யார் எழுதுவது? "இந்தப் பாப்பா கையெழுத்து அச்சு மாதிரி கீது" என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு அந்த அக்கா மேல் ஒரு கோபமும் இல்லை. மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதோடு, நாற்பது பேரும் என் தோளுக்குப் பின்னால் நின்று நான் எழுதுவதைப் பார்த்தது பெருமையாகவும் இருந்தது. எழுதினேன். "பெண்ணுக்குக் கீழே வேலை செய்ய எங்களுக்குக் கஷ்டமாக உள்ளது" என்று முடித்தேன். அந்த வரி நானே சேர்த்தது. யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டு வாரத்தில் ஸ்டெல்லா அக்காவைத் திரும்ப மிஷினில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்து மிஷின். முதல் நாள் சாயங்காலம் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "நீ எழுதினதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "ஒரு தப்பு இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் படிச்சிருக்கலாம் நீ" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருஷமே வேலையை விட்டுப் போய்விட்டார். எந்த ஊருக்கு என்று நான் விசாரிக்கவும் இல்லை.

அதற்குப் பதினாறு வருஷம் கழித்து அதே நாற்காலி எனக்கு வந்தது. உனக்குப் பதின்மூன்று வயது. மேனேஜர் கூப்பிட்டு, "இந்த லைன நீங்களே பாத்துக்குங்கம்மா" என்றார். எங்கள் பெண்கள் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். வீட்டில் கேட்டேன். உங்கப்பா தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "போயேன், இன்னா இப்போ? லேட்டா வந்தா நான் சோறு ஆக்க மாட்டனா? சூப்பர்வைசர் பொண்டாட்டின்னா எனக்கும் மவுசுதான்" என்று சிரித்தார். அவர் தடுக்கவில்லை, கண்ணு. இதை நீ அறிந்துகொள்ள வேண்டும். மறுநாள் காலையில் லைனில் நின்று அந்த நாற்பது முகங்களையும் பார்த்தேன். இவர்களில் யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தேடினேன். அந்தப் புதிதாக வந்த பெண்ணா? ஜன்னல் ஓரத்தில் இருக்கிறவளா? நேராக மேனேஜரிடம் போய், "வேணாம் சார், பையனுக்கு மஞ்சக்காமால" என்றேன்.

உனக்குக் காமாலை வந்தது உண்மை. ஆனால் அது குணமாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அதைச் சொன்ன அன்று சாயங்காலம் நீ தெருவில் மட்டை பிடித்துக்கொண்டு, அவுட் இல்லை என்று எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

அந்தப் பொய்யை மேனேஜரோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உங்கப்பாவிடமும், பையனுக்கு உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று அதையே சொன்னேன், அவர் சாகும்வரை மாற்றிச் சொல்லவில்லை. அப்புறம் அது எனக்கே பிடித்துப் போய்விட்டது. பயந்தாங்கொள்ளி என்பதைவிடத் தியாகி என்பது நன்றாக இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சொன்னேன், மஞ்சள் நீராட்டில் சொன்னேன், உன் கல்யாணத்தில் மைக் பிடித்தவரிடம்கூட யாரோ சொல்லி அவரும் சொன்னார். நீ பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் "எனக்காகப் பதவியைத் துறந்த என் தாய்" என்று பேசி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி வந்தாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த டிபன் பாக்ஸில் பத்து வருஷம் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பொய்யை ஊரறியச் சொன்னவள் நான். ஆகவே உண்மையையும் ஊரறியத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் உனக்கு மட்டும் ஒட்டி அனுப்பாமல், எல்லோரும் படிக்கும்படி இதன் நகலை ஒரு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. உனக்குத் தெரிந்தால் போதும்.

உனக்காக நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பயந்து ஓடினேன். ஓடும்போது உன்னைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டேன். நல்ல அம்மா என்றால் வந்ததை வேண்டாம் என்று சொல்லுகிறவள் என்று உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதை வைத்து இன்று நீ ரேவதியை அளக்கிறாய். நீ கெட்டவன் கிடையாது. என் பொய்யை உண்மை என்று நம்பி வளர்ந்தவன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், அந்தத் தப்பு உன்னுடையதாகிவிடும். என் கணக்கில் எழுத முடியாது.

யாழினி ஏங்கிவிடுவாள் என்கிறாய். ஏங்குவாள்தான். ஆனால் உனக்கு உறுத்துவது அது மட்டும்தானா? போன வருஷம் மழைக்காலத்தில், கம்பெனி பஸ் தங்கள் ஊருக்கு வராமல் நின்றுபோனதற்காக ஷூ கம்பெனிப் பெண்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? போலீசை வைத்து அப்புறப்படுத்திவிடலாம் என்று ரேவதியிடம் சுற்றி இருந்த ஆம்பளைகள் எல்லோரும் சொன்னார்கள். அவள் ஜீப்பிலிருந்து எனக்கு போன் செய்தாள். "அத்தை, இவங்ககிட்ட எப்டி பேசறது? யாரு தலைவின்னு கேட்டா எல்லாரும் வேற பக்கம் பாக்குறாங்க." எனக்கு ஒரு ஆளோடு பேசுவதற்கே நாக்கு எழாது, ஆனால் இது எனக்குத் தெரிந்த விஷயம். "யாரு தலைவின்னு கேக்காத. கேட்டா எவளும் வாய தொறக்க மாட்டா, நாளைக்கு கேட்ல நிறுத்தறவங்க லிஸ்ட்ல அவ பேர்தான் மொதல்ல வரும்னு தெரியும். நின்னுகினு பேசாத. கீழ குந்து. எந்த ஷிப்டு, எத்தன மணிக்கு வீட்ல கெளம்பறீங்க, அத மட்டும் கேளு" என்றேன். அவள் ஈரத் தார் ரோட்டில் புடவையோடு உட்கார்ந்தாள். ஷிப்டைக் கேட்டதும் ஒருத்தி ஆரம்பித்தாள், அப்புறம் எல்லோரும் பேசினார்கள். இருட்டில் எத்தனை தூரம் நடக்கிறோம், வழியில் யார் வம்பு செய்கிறான் என்பதுவரை வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கம்பெனிக்காரரை அங்கேயே வரவைத்து, மறுநாளிலிருந்து பஸ் வரும் என்று எழுதி வாங்கினாள். எழுந்திருக்கும்போது ஒரு பெண், "மேடம், நீங்க லைன்ல வேல பாத்தீங்களா?" என்றாளாம். "எங்க அத்தை பாத்தாங்க" என்றாளாம் ரேவதி. இதை அவள் சொன்ன அன்று நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

நீ அந்த வீடியோவை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "கோட்டாட்சியர் ரோட்ல குந்திக்கினு... என் ஆபீஸ்ல ஒரே பேஜாரு மா. 'இன்னாப்பா, மேடம் உன்ன வீட்ல எங்க குந்த வைக்கிறாங்க'ன்னு கலாய்க்கிறானுங்க." நானும் அன்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஒரு பெண் மேலே போகும்போது அவளைக் கீழே இழுக்க யாரும் கயிறு கொண்டுவர வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், அவளே இறங்கி வந்துவிடுவாள். நான் மனு எழுதினேன். நீ முகத்தைத் தூக்குகிறாய். வேலை ஒன்றுதான்.

ரேவதி வெள்ளிக்கிழமை என்னிடம் வந்திருந்தாள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பதவி உயர்வு வேண்டாம் என்கிற கடிதம். டைப் அடித்து முடித்திருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அதே குடும்பச் சூழ்நிலை காரணமாக.

"யாரு அடிச்சது?" என்று கேட்டேன்.

"நானேதான் அத்தை. ஆபீஸ்ல டைப் அடிக்கக் குடுக்க முடியல. போன வருஷம் துணை தாசில்தாரா இருந்த ஒரு பொண்ணு இதே லெட்டரோட எங்கிட்ட வந்துச்சு. ஒக்கார வெச்சி ஒரு மணி நேரம் பேசினேன். பயம்னா தினமும் எனக்கு போன் பண்ணு, லெட்டர் மட்டும் குடுக்காதன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு இப்ப தாசில்தார். இன்னும் வாரத்துக்கு ரெண்டு தடவ போன் பண்ணும். நான் இத குடுத்தா மொதல்ல அவளுக்குத்தான் தெரியும்."

"ஒனக்கு அந்த வேல வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"வேணும் அத்தை. ரொம்ப வேணும்" என்றாள். சொல்லும்போது, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிறவள் போல் குரல் இறங்கிவிட்டது. நாலு தாலுகாவை ஆள்கிறவளுக்கு, எனக்கு வேண்டும் என்று சொல்ல வெட்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சும் வந்துவிட்டது. மனு எழுதியதிலிருந்து மஞ்சள் காமாலை வரை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் கேட்டுவிட்டு, "இத அவரு நம்பவே மாட்டாரு அத்தை" என்றாள். "எழுதிக் குடுக்கறேன்" என்றேன்.

அப்புறம் அவளுக்கும் கொஞ்சம் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இனி அவள் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நீ. அங்கே போனதும் அவளுக்குக் கீழே இருக்கிறவர்களில் பெண்களே முதலில் முறுக்கிக்கொள்வார்கள். அது அவள்மேல் உள்ள பகை இல்லை. பெண் உத்தரவு போட்டு அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஸ்டெல்லா அக்காவுக்கு அந்த ஒரு மாதத்தில் வேண்டியிருந்தது ஒரு ஆள், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கிற ஒரே ஒரு ஆள். நாற்பது பேரில் ஒருத்தி போயிருந்தால் அவர் தாக்குப்பிடித்திருப்பார். ரேவதி தப்பு செய்தால் சொல்லு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்லு. உங்கள் ஆபீசில் கலாய்த்தால், அதை அவளிடம் கொண்டுவந்து கொட்டாதே. அவள் சோர்ந்து போய் விட்டுவிடட்டுமா என்று கேட்கிற நாளும் வரும். அன்று "உன் இஷ்டம்" என்று சொல்லிப் பெரிய மனுஷனாகாதே. "விடாதே" என்று சொல்லு. அந்த ஒரு வார்த்தையை எனக்கு உங்கப்பா சொல்லவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். போ என்றார் அவர், நல்ல மனுஷன். ஆனால் நான் வேண்டாம் என்றதும் துருவிக் கேட்காமல் விட்டுவிட்டார்.

ஆகவே நீ கேட்ட ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை அந்தத் தாள் எந்த ஆபீசுக்கும் போகாது. அவள் அதைக் கையெழுத்துப் போடாமல் இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதன் பின்பக்கத்தில்தான் உனக்கு எழுத ஆரம்பித்தேன். இடம் போதாமல் யாழினியின் பழைய நோட்டிலிருந்து மிச்சத் தாள்களைக் கிழித்துக்கொண்டேன். கோபம் வந்தால் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார், உன் பெயர் போடாத உன் சூழ்நிலை அங்கே டைப் அடித்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை காட்பாடியில் ரயில். நானும் அவளோடு போகிறேன். ஒரு மாதம் இருந்து, அவள் வீட்டைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு வருவேன். சமைத்துப்போட நான் வருவேன் என்று எதிர்பார்த்து நீ அடுப்பைக் காலியாக வைத்திருக்காதே. யாழினிக்கு முழுப் பரிட்சை முடிகிறவரை அவள் உன்னோடுதான் இருப்பாள், அம்மாவும் மகளும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். லீவில் நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பாருங்கள், கடல் இருக்கிறதாம். நீ ரயிலடிக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ரயில் நிற்காது.

பள்ளிக்கூட வேன் காலையில் ஏழேகாலுக்கு வந்துவிடும். அதற்குள் யாழினிக்கு எண்ணெய் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக வகிடெடுத்து, ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்ட வேண்டும். உனக்குப் பின்னத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். "நான் கத்துக்குடுத்துக்கறேன் ஆயா, அப்பாவுக்கு சீக்கிரம் வந்துடும்" என்றாள். முதல் ஒரு வாரம் கோணலாகத்தான் வரும். அவிழ்த்துவிட்டு எங்களுக்கு போன் போடாதே. கோணலாகவே அனுப்பு. யாராவது கேட்டால், எங்கப்பா பின்னினது என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

அம்மா